ஆட்டுக்கறிக்கு ஒரு வைன்

பிள்ளைகள், உங்கள் அம்மா ஒரு திங்கட்கிழமை பட்டப்பகலில், கொலோனில் ஓர் உணவகத்து யன்னலோரம், நாலு கிளாஸ் சிவப்பு வைனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார் என்று ஒரு கதை தமிழ்ப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய், அங்கே உங்கள் காதிலும் விழுந்திருக்கிறது. கதை உண்மைதான். ஆனால் சொல்கிறவர்கள் நாலு கிளாஸைத்தான் சொல்கிறார்கள், பக்கத்தில் இருந்த ஆட்டுக்கறியைச் சொல்வதில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். கடைசியாக நீளமாக எழுதியது ஜேர்மனிக்கு வந்த புதிதில் கொடுத்த அகதி அன்ட்ராக், அந்த விண்ணப்பம்தான். அதிலும் பாதியை வேறொருவர்தான் எழுதித் தந்தார். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

நான் வேலை செய்கிற இடம் உங்களுக்குத் தெரியும். பதினேழு வருடமாக ஒரே போர்த்துக்கேய உணவகம், ஒரே குசினி. கோப்பை கழுவுகிறவனாகத்தான் போய்ச் சேர்ந்தேன். முதல் கிழமையே எனக்கு ஓர் ஆச்சரியம். முதலாளியும் அவருடைய மனைவியும் தங்களுக்குள் கதைக்கும்போது மேசை, யன்னல், அலுமாரி, பாண் என்று நம்முடைய சொற்கள் நடுவே நடுவே வந்து விழும். போர்த்துக்கேயர் எங்கள் ஊரை ஆண்டபோது விட்டுப்போனவை என்று பிறகுதான் விளங்கியது. ஜேர்மன் மொழியான டொச் எனக்குச் சரியாக வராத அந்தக் காலத்தில், 'அலுமாரியைத் திற' என்றால் மட்டும் உடனே ஓடிப்போய்த் திறப்பேன். இவன் கெட்டிக்காரன் என்று முதலாளி நினைத்துவிட்டார். அப்படித்தான் கழுவுகிற இடத்திலிருந்து மரக்கறி வெட்டுகிற இடத்துக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் வந்தேன்.

முதலாளி போர்த்துக்கலில் பைராடா என்கிற பக்கத்து ஆள். கடல் காற்று அடிக்கிற, களிமண் நிலம் என்பார். நல்ல பருமனான மனிதர். கோபம் வந்தால் சத்தம் போடுவார், பசி வந்தாலும் சத்தம் போடுவார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. நாங்கள் எல்லாரும் டொச்சில்தான் கதைப்போம்; இங்கே அவர்கள் சொன்னதை நம்முடைய பேச்சிலேயே எழுதுகிறேன். அவருடைய உணவகத்தில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு சாப்பாட்டின் கீழேயும், அதோடு குடிக்க அவருடைய நாட்டு வைன் ஒன்றின் பெயர் இருக்க வேண்டும். சுட்ட மத்திக்கு ஒன்று, உப்பிட்டுக் காயவைத்த மீனுக்கு ஒன்று, அடுப்பில் முழுதாகச் சுட்ட பன்றிக்குட்டிக்கு ஒன்று. வைன் பெயர் இல்லாமல் அச்சடித்தால் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்பார்.

மத்தியான வேலை முடிந்தபின் வேலையாட்கள் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அதற்கு நான் சிலவேளை ஆட்டுக்கறி வைப்பேன். உங்கள் அம்மா வறுத்து இடித்துத் தருகிற தூளில், நம்முடைய முறையில். பரிமாறுகிற பெண், முதலாளி, முதலாளியின் மனைவி மூன்று பேரும் கோப்பையில் ஒட்டிய குழம்பைப் பாண் துண்டால் துடைத்துத் தின்பார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஓர் ஆசை வந்தது. இத்தனை வருடமும் நான் சமைத்தது எல்லாம் மற்றவர்களுடைய ஊர்ச் சாப்பாடு. நன்றாகத்தான் சமைக்கிறேன். ஆனால் நீங்கள் பள்ளிக்கூடத்தில் 'அப்பா போர்த்துக்கேயச் சாப்பாடு சமைக்கிறவர்' என்றுதான் சொல்கிறீர்கள். அந்த அட்டையில் ஒரே ஒரு வரி, 'யாழ்ப்பாணத்து ஆட்டுக்கறி' என்று அச்சில் வர வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்க எனக்கு இரண்டு வருடம் வாய் வரவில்லை.

போன வருடம் வசந்தகாலத்தில் ஒரு நாள், முதலாளி நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஆடு என்ர அட்டையில ஏற்கெனவே இருக்குதே" என்றார். அது அவர்கள் பக்கத்து ஆட்டிறைச்சி. கறுப்பு மண்சட்டியில் சிவப்பு வைனை நிரப்பி, மணிக்கணக்காக அடுப்புக்குள் வைத்து எடுப்பது. பத்து வருடமாக அதை வைக்கிறவனே நான்தான்.

"அது உங்கட ஆடு. இது எங்கட ஆடு" என்றேன்.

அவர் மனைவி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சிரித்தார். முதலாளி கொஞ்ச நேரம் பாணை உருட்டிக்கொண்டிருந்தார்.

"சரி. இதுக்குக் கீழ என்ன வைன் எழுதுறது?"

"எங்கட ஆக்கள் கோலாவோட சாப்பிடுவினம்."

அவர் நெஞ்சில் கையை வைத்தார். "கோலா எண்டு என்ர அட்டையில எழுதினா நான் திரும்பி என்ர ஊருக்குப் போகேலாது. இஞ்ச பார், கோடைகால அட்டை மாத முடிவில அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள இந்தக் கறிக்கு என்ர நாட்டு வைன் ஒண்டைக் கண்டுபிடிச்சுக்கொண்டு வா, போடுறன். இல்லாட்டி வாற குளிர்காலம் வரைக்கும் இந்தக் கதை எடுக்காதை."

நான் சந்தோஷமாக ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்த பிறகுதான் தலையில் கை வைத்தேன். அடுத்த வெள்ளி எனக்கு விரதம் தொடங்குகிறது.

இங்கே ஊன்ட்றொப் என்கிற ஊரில் இருக்கிற அம்மன் கோயிலில் நான் வருடாவருடம் பால்காவடி எடுப்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மூத்தவள் குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் என் உள்ளங்கை அளவில் கிடந்தபோது வைத்த நேர்த்தி. இப்போது அவள் என்னைவிட உயரம். ஆனாலும் நேர்த்தி நேர்த்திதான். திருவிழா முடியும் வரைக்கும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, குடியும் இல்லை. வீட்டிலும் மச்சம் புழங்காது. (நீங்கள் இரண்டு பேரும் அந்த நாட்களில் ரயில் நிலையத்தடியில் டோனர் இறைச்சி ரொட்டி வாங்கித் தின்றது எங்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.)

முதலாளிக்குச் சொன்னபோது அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இறைச்சியும் வாயில வையாய், வைனும் வையாய். பிறகு எப்பிடி இரண்டையும் பொருத்துவாய்?"

"மணத்தில சமைப்பன். கோயில்ல அம்மனுக்குப் படைக்கிற பொங்கலை ஆரும் ருசி பாத்துக்கொண்டோ வைக்கினம்? படைச்சு முடியுமட்டும் ஒருத்தரும் வாயில வையாயினம். உப்பு சரியாத்தானே இருக்கு."

"உங்கட அம்மன் முறைப்பாடு சொல்லமாட்டா. என்ர வாடிக்கையாளர் சொல்லுவினம்."

ஆனாலும் சரி, முயன்று பார் என்றார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். அந்தப் பிழையை நம்முடைய ஆள் ஒருவன்தான் விடுவான். நம்முடைய பிறந்தநாள் கொண்டாட்டங்களில் ஆம்பிளைகள் மண்டபத்துக்குப் பின்னால் நின்று என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் கண்டிருப்பீர்கள். இருக்கிறதிலேயே உறைப்பான ஆட்டுப் பிரட்டலை எடுத்து, இருக்கிறதிலேயே காட்டமான விஸ்கியோடு சாப்பிட்டு, கண்ணால் மூக்கால் தண்ணீர் ஓட, "அந்தமாதிரி இருக்கு" என்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். உறைப்பான இறைச்சிக்குக் காட்டமான குடிதான் பொருத்தம் என்பது என் மனதில் எழுதாத சட்டமாகக் கிடந்தது. ஆகவே நிலவறைக்குப் போனேன். போத்தல்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பின்பக்கத்தில் ஒட்டிய தாளில் மதுசாரம் எத்தனை வீதம் என்று பார்த்தேன். பதினைந்து என்று போட்ட ஒன்று இருந்தது. இதுதான் பெரியவர் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். அது அலென்டேஜு என்கிற தெற்குப் பக்கத்து வைன். கறியையும் பிறந்தநாள் அளவுக்கு உறைப்பாகவே வைத்தேன்.

முதலாளி ஒரு துண்டு இறைச்சி வைத்தார், நல்லது என்று தலையாட்டினார். ஒரு மிடறு வைன் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனார். அவர் மனைவி எழும்பிப் போய் ஒரு பாண் முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்தார், வெட்டாமல்.

"நெருப்புக்கு மேல பெற்றோல் ஊத்தியிருக்கிறாய்" என்றார் முதலாளி, பேச்சு வந்தபிறகு.

"வைன் சரியில்லையோ?"

"வைன் நல்ல வைன். கறியும் நல்ல கறி. இரண்டையும் ஒரு மேசையில வைச்சா பொலிஸைத்தான் கூப்பிட வேணும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, சோறும் பருப்பும் முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். மாத முடிவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அம்மா என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"ஏன் நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீர் வாழ்க்கையில வைன் குடிச்சதோ?"

"இல்லை. நீங்களும்தான் குடிக்கேல்லை, இலக்கத்தைத்தானே வாசிச்சனீங்கள். நான் நாக்கால வாசிப்பன்."

அதில் ஒரு நியாயம் இருந்தது. உங்கள் அம்மாவின் நாக்கு லேசான நாக்கு இல்லை. கடையில் புளியை மாற்றி வாங்கினால் முதல் கரண்டியிலேயே கண்டுபிடிப்பார். தூள் வறுக்கும்போது எந்தச் சரக்கு அரை நிமிடம் கூட நின்றது என்று சொல்வார். ஆனால் நிபந்தனைகள் போட்டார். செவ்வாய் வெள்ளி ஏலாது. வீட்டுக்குள் கொண்டுவர ஏலாது. முடிந்து வந்து தலையில் முழுகிவிட்டுத்தான் சாமி அறைப் பக்கம் போவார். பிறகு கடைசியாக ஒன்று.

"குடிக்கமாட்டன். வாயில வைச்சுப் பாத்திட்டுத் துப்புவன்."

"வைன் தெரிஞ்ச ஆக்களும் அப்பிடித்தான் செய்யிறவை" என்றேன்.

"அப்ப நான் தெரிஞ்ச ஆள்தானே" என்றார்.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. முதலாளி நாலு போத்தல்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்திருந்தார். நிறம் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்று யன்னலோரத்து மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தார். துப்புவதற்கு ஒரு வெள்ளிப் பாத்திரமும் நடுவில் வைத்தார். அம்மா அதைப் பார்த்து முகம் சுளித்தார். நாலு பேருக்கு முன்னால் மேசையில் எப்படித் துப்புவது? ஒவ்வொரு வாய்க்கும் எழும்பி, கழுவுகிற அறைக்குப் போய், கதவைச் சாத்தி, துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். முதலாளி அதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சமயச் சடங்கு என்று.

முதலில் நான் கொண்டுவந்த அதே அலென்டேஜு.

"சுடுது" என்றார் அம்மா. "பழுத்துக் கனிஞ்ச பழம் மாதிரி நல்ல மணம். ஆனா வெயிலுக்குள்ள கனநேரம் நிண்ட மாதிரி இருக்கு."

நான் டொச்சில் மாற்றிச் சொன்னேன். முதலாளி புருவத்தைத் தூக்கினார். அந்தப் பக்கம் அப்படித்தானாம். மரப்பட்டையை உரித்துப் போத்தல் மூடி செய்வார்களே, அந்த மரங்கள் நிற்கிற பரந்த வெளி. கோடையில் நாய்கூட வெளியே வராத வெயில். அங்கே இந்த வைனைக் கறுப்புப் பன்றி இறைச்சியோடும் செம்மறிப் பால்கட்டியோடும் குடிப்பார்கள் என்றார்.

இரண்டாவது டோரோ. ஆற்றங்கரை மலைச்சரிவில் படிப்படியாக வெட்டி, கற்பலகை நிலத்தில் முந்திரிகைக் கொடி நடுகிற இடம்.

"இது கனம். நாவற்பழமும் கறுவாவும். நல்ல சாமான்தான்." பிறகு கறியில் ஒரு துண்டை வாயில் வைத்து, மறுபடி ஒரு வாய் எடுத்தார். கழுவுகிற அறைக்குப் போய் வந்தார். "கறியும் நானும் இருக்கிறம் எண்டுது, வைனும் நானும் இருக்கிறன் எண்டுது. சண்டை."

"சுட்ட மாட்டிறைச்சியோட அது சண்டை பிடிக்காது" என்றார் முதலாளி. அவர் இப்போது கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாவது அவருடைய சொந்தப் பைராடா, பாகா என்கிற முந்திரிகைப் பழத்தில் செய்வது. கிளாஸை அவரே இரண்டு கையாலும் கொடுத்தார். அம்மா வாயில் வைத்ததும் முகம் ஒரு பக்கமாகக் கோணிப் போனது.

"ஐயோ, துவர்ப்பு! வாழைக்காய்ப் பிஞ்சைக் கடிச்ச மாதிரி."

நான் இதை மாற்றிச் சொல்லவில்லை. முதலாளிக்கு மாற்றத் தேவையும் இருக்கவில்லை. அவருடைய முகமும் கோணியது. அவர் மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். ஆனால் அம்மா கையைக் காட்டி, பொறுங்கோ என்றார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கை அசைத்துப் பார்த்தார்.

"இது கூடாத துவர்ப்பு இல்லை. பாக்குத் துவர்ப்பு. விருந்து சாப்பிட்டு வெத்திலை போடுறம், ஏன்? வாயில இருக்கிற கொழுப்பைப் பாக்கு வழிச்செடுக்கும். இந்த வைனும் அதுக்குத்தான். நல்ல கொழுப்பு இறைச்சி வேணும் இதுக்கு. உவையின்ர அந்தப் பன்றிக்குட்டி இருக்கெல்லோ, தோல் மொறுமொறுப்பா, அடியில நெய்யா? அதோட குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ."

இதை மாற்றிச் சொன்னேன். முதலாளி மேசையில் அடித்த அடியில் நாலு கிளாஸும் துள்ளின.

"பன்றிக்குட்டி! நான் சொல்லாமலே சொல்லிட்டா! எங்கட ஊரில பன்றிக்குட்டிக்கு இதைத்தான் குடிப்பம்! இவ்வளவு நாளும் நீ ஏன் குசினியில நிக்கிறாய், இவவை அனுப்பியிருக்கலாமே?"

அந்த நேரத்தில்தான் அந்த அக்கா போனார்.

தமிழ்க் கடையில் சாமான் வாங்கிய வண்டிலை இழுத்துக்கொண்டு, யன்னலுக்கு வெளியே, கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில். பள்ளிக்கூட விழாக்களுக்கு வடை சுடுகிற அக்கா, உங்களுக்குத் தெரியும். நின்றார். பார்த்தார். அம்மாவின் முன்னால் நாலு கிளாஸ். எதிரே ஒரு பருமனான வெள்ளைக்காரர் மேசையில் அடித்துச் சிரிக்கிறார். நான் தோளில் துவாயோடு பக்கத்தில் நிற்கிறேன். அம்மாவுக்கு ஒரு பழக்கம், தெரிந்த ஆளைக் கண்டால் கை தானாக எழும்பும். எழும்பியது. அடுத்த வாய் எடுத்த கிளாஸ் இன்னும் கையில்தான் இருந்தது.

அக்கா வண்டிலை இழுத்துக்கொண்டு போன வேகத்தில் ஒரு வெங்காயம் விழுந்து தெருவில் உருண்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, போச்சுது" என்றார் அம்மா. அந்த ஒரு மிடறை மட்டும் அவர் துப்ப மறந்து விழுங்கிவிட்டார்.

நான் இத்தோடு நிறுத்துவோம் என்றேன். உண்மையில் பயந்துபோனேன். ஆனால் அம்மா கதிரையை யன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பினார்.

"கதைக்கிறவை கதைக்கப்போகினம். கதையும் வந்து கறியும் வராட்டி எனக்கு இரண்டு நட்டம். நாலாவதைத் தாங்கோ."

நாலாவது டாவோ. அந்தப் பெயரைப் பாதி மூக்கால் சொல்ல வேண்டும். எனக்கு இன்றைக்கும் வராது. பைராடாவிலிருந்து கடலுக்கு முதுகு காட்டி உள்ளே போனால் வருகிற மேட்டு நிலம். சுற்றிவர மலை, பைன் மரக் காடு, கருங்கல் தரை, குளிர்ந்த இரவு. முதலாளி இதைச் சொல்லும்போது குரலில் உற்சாகம் இல்லை. பக்கத்து ஊர்க்காரனைப் பற்றிச் சொல்லும்போது நம்முடைய ஆட்களுக்கு வருகிற அதே குரல்.

அம்மா வாயில் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போய் வந்தார். இன்னும் ஒரு வாய். போய் வந்தார். பிறகு கறி, பிறகு வைன். நான் இறைச்சியும் தொட முடியாமல், வைனும் தொட முடியாமல், அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசவ அறைக்கு வெளியே நின்றபோதுகூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை.

"இது சத்தம் போடேல்லை" என்றார். "புளிப்பு இருக்கு, துவர்ப்பு கொஞ்சம், காட்டம் குறைவு. ஆனா இன்னும் சரிவரேல்லை. இதைக் குளிர்ப்பெட்டியில வைக்கச் சொல்லுங்கோ."

முதலாளி எழும்பிவிட்டார். "சிவப்பு வைனைக் குளிர்ப்பெட்டியிலயோ?"

"உறைப்புக்கு மேல சூடாத் தேத்தண்ணி குடிச்சா என்ன நடக்கும்? உறைப்பு இரண்டு மடங்காகும். ஐஸ் மாதிரி வேண்டாம். கிணத்துத் தண்ணிக் குளிர் போதும்."

கிணற்றுத் தண்ணீர்க் குளிர் எத்தனை பாகை என்று டொச்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் என்றேன். போத்தல் குளிர்ப்பெட்டிக்குள் போனது. அந்த இருபது நிமிடத்துக்குள் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இனி உங்கட கறி."

"என்ர கறிக்கு என்ன?"

"இறக்கேக்க தேசிக்காய் விட்டிருக்கிறியள். அங்கயும் புளி, இங்கயும் புளி. தேசிக்காய் விடாதேங்கோ, புளி வேலையை வைன் பாக்கட்டும். மிளகாயில அரைவாசி குறையுங்கோ. பெருஞ்சீரகத்தை இன்னும் கொஞ்சம் வறுத்துப் போட்டு, கடைசியில தேங்காய் முதற்பால் விட்டு இறக்குங்கோ. இது பிறந்தநாள் வீட்டுக்கு வைக்கிற கறி. சனம் இருந்து ஆறுதலாச் சாப்பிடுற கறி இல்லை."

இத்தனை வருடச் சமையல்காரன் நான். கொஞ்சம் மனம் நொந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல, வாயில் வைக்காமலே எனக்கு அது சரி என்று தெரிந்தது. குசினிக்குப் போய், மீதி இருந்த பச்சை இறைச்சியில் புதிதாக ஒரு சட்டி வைத்தேன். இருபது நிமிடம் என்றது ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் முதலாளி பசியில் சத்தம் போட்டார். போத்தலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, மறுபடி எடுத்து வைத்திருந்தார்.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.  முதலாளி ஒரு துண்டு, ஒரு மிடறு. ஒரு துண்டு, ஒரு மிடறு. பிறகு பாணை எடுத்துக் கோப்பையைத் துடைத்தார். பிறகு அம்மாவின் கோப்பையில் மிச்சம் இருந்த குழம்பையும் கேட்காமலே துடைத்தார்.

"டாவோக்காரன் வெண்டிட்டான்" என்றார் துக்கமாக.

அவர் மனைவி கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'ஆட்டுக்கறி, இந்திய முறை' என்று டொச்சில் எழுதியிருந்தார். இவ்வளவு தூரம் வந்தபிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. இந்திய முறை இல்லை, யாழ்ப்பாண முறை என்றேன். ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாதே என்றார். "டாவோ எண்டா இஞ்ச எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். முதலாளிக்கு அது பிடித்துவிட்டது. டாவோவை யாருக்கும் தெரியாது என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவர் மனைவி வெட்டிவிட்டு, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, யாழ்ப்பாணம் என்று எழுதினார்.

அன்று பின்னேரம் அம்மா முழுகித் தலை காயமுன்னம் ரெலிபோன் அடித்தது. ரொறொன்ரோவிலிருந்து பெரிய மாமா.

"என்ன பிள்ளை, பகலிலயே தொடங்கிட்டியாம்?"

"ஓம் அண்ணை. நாலு விதம்."

"அவன் பக்கத்தில நிண்டு ஊத்திக் குடுத்தவனாம்?"

"அவர் விரதம் அண்ணை. அதுதான் நான் குடிச்சனான்."

 பிறகு அம்மா எல்லாவற்றையும் சொல்ல, அங்கிருந்து கேட்ட சிரிப்பில் எனக்கே காது வலித்தது. எல்லாருக்கும் இப்படி விளக்கம் சொல்ல முடியவில்லை. நான் உணவகத்தை விட்டுவிட்டுக் கள்ளுத் தவறணை திறந்துவிட்டேன் என்றும் ஒரு கதை வந்தது. அதற்கு வாழ்த்துச் சொல்லியும் ஒருவர் ரெலிபோன் அடித்தார்.

கோடைகால அட்டை வந்தபோது விரதம் முடிந்திருக்கவில்லை. முதல் பிரதியை முதலாளி அடுப்படிக்கே கொண்டுவந்து தந்தார். சுட்ட மத்திக்கு அடுத்த வரி. 'யாழ்ப்பாணத்து ஆட்டுக்கறி, தேங்காய்ப்பாலுடன்.' கீழே சிறிய எழுத்தில் டாவோ வைனின் பெயரும், 'கொஞ்சம் குளிராக' என்ற இரண்டு சொல்லும். எண்ணெய்க் கையால் தொட்டுவிட்டேன், விரல் அடையாளம் விழுந்தது. அந்தப் பிரதிதான் நம்முடைய சாமி அறை மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

காவடி எடுத்து, விரதம் முடித்து, அடுத்த கிழமை முதலாளி எங்கள் இரண்டு பேரையும் சாப்பிட வரச் சொன்னார். வேலையாளாக இல்லை, விருந்தாளியாக. அத்தனை வருடத்தில் ஆட்கள் சாப்பிடுகிற அந்த மண்டபத்தில் ஒரு கதிரையில் நான் இருந்ததே இல்லை. அங்கேயிருந்து பார்த்தால் குசினிக் கதவு மிகச் சின்னதாகத் தெரிகிறது. முதலாளியே வந்து அட்டையை நீட்டினார். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆனாலும் விரித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்து, விரலை வைத்துக் காட்டி, "இது" என்றேன்.

கறி வந்தது. காலையில் நானே வைத்துவிட்டு வந்த கறிதான். வைனும் வந்தது. ஒரு துண்டு இறைச்சி, ஒரு மிடறு. பல கிழமைக்குப் பிறகு மச்சம், நாக்கு திடுக்கிட்டது.

"எப்பிடி?" என்றார் அம்மா.

"கறி நல்லா இருக்கு."

"கறியைக் கேக்கேல்லை. இரண்டும் சேர்ந்து எப்பிடி?"

இன்னொரு மிடறு எடுத்தேன். முதலில் குளிர், பிறகு ஏதோ ஒரு காட்டுப்பழத்துப் புளி, அது போகப்போக வறுத்த பெருஞ்சீரகம் தனியாகத் தெரிந்தது. நான் வறுத்துப் போட்டதுதான், இவ்வளவு தெளிவாக எனக்கே தெரிந்ததில்லை. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே, பரிமாறுகிற பெண் குசினிப் பக்கமிருந்து வந்து என் தோளைத் தட்டினாள். அடுப்பில் இருந்த அடுத்த சட்டிக்கு முதற்பால் விட வேண்டும், உள்ளே புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு அந்த இறக்குகிற பக்குவம் இன்னும் பிடிபடவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆறாம் மேசைக்கு ஆட்டுக்கறி. நாலு பேருக்கும்."

நான் எழும்பினேன். அம்மா என் கிளாஸைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "கெதியாப் போங்கோ, சனம் காத்துக்கொண்டு நிக்குது" என்றார்.